வாடகைக்குக் கொடுத்த பெயர்

1

சென்ற வாரம் குடியுரிமை விண்ணப்பம் சம்பந்தமாகப் பண்டார் ஹிலிரில் உள்ள அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கப்பலேறி மலாக்காவுக்கு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. இருந்தும், இத்தனை காலமும் நான் இங்கேதான் இருந்தேன் என்பதை இப்போது நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருந்த மலாய் அதிகாரி மரியாதை தெரிந்தவர். விண்ணப்பிக்கிறவர்களுக்கு மலாய் பேச வருகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலையாம். எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் தடங்கல் இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. திடீரென்று பக்கத்து மேசைப் பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அதிகாரியை நான் 'லு' என்று சொல்லியிருக்கிறேன். 'நீ' என்று அர்த்தம். வீட்டுக்குள்ளும் சந்தையிலும் புழங்குகிற சொல். நம் ஊரில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், "ஏம்ப்பா, நீ கையெழுத்துப் போட மாட்டியா?" என்று கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்திருக்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாச்சிக், இந்த மலாயை யாரிடம் படித்தீர்கள்?" என்றார். மாச்சிக் என்பது இங்கே சின்னம்மா, அத்தை என்கிற மாதிரி.

"காஜா பேராங்கில் ஒரு வீட்டுக்காரியிடம். ஜப்பான்காரன் காலத்தில் அங்கே குடியிருந்தோம்."

"வாடகைக்கா? ரசீது ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"மாதம் என்ன வாடகை கொடுத்தீர்கள் என்றாவது ஞாபகம் இருக்கிறதா?"

"பணமாகக் கொடுக்கவில்லை. என் கணவரின் பெயரைக் கொடுத்தோம்."

என் மலாய் மறுபடியும் தடுக்கிவிட்டது என்று நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இன்னும் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். என் மகள் கமலம் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தமிழ் ஓரளவு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நாகப்பட்டினத்தில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு கடிதத்திலும் "யுத்த காலத்தைப் பற்றி எழுதுங்கள் அக்கா, இங்கே பத்திரிகையில் போடுவார்கள்" என்கிறான். பெற்ற மகள் படிக்க முடியாததை, முகம் தெரியாத உங்களுக்காக எழுதுகிறேன்.

2

என் கணவருக்குப் பண்டார் ஹிலிரில் ஒரு ஜவுளிக்கடை இருந்தது. கீழே கடை, மேலே நாங்கள். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதலாம் அல்லவா? ராமலிங்கம். துணியை விரித்துப் போடும்போது அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து சம்பளத்துக்கு மறுநாள் ஆட்கள் வருவார்கள். சீலையை எடுத்துக்கொண்டு, "அடுத்த மாசம் தரேன் அண்ணே" என்பார்கள். சரி என்று கொடுத்துவிடுவார்.

கடைக்கு ஒரு கூட்டாளி உண்டு. தங்கை கல்யாணம் என்று ஊருக்குக் கப்பலேறியவர் திரும்பி வரவே இல்லை. மொத்த வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த சரக்கில் பெரும்பங்கு அவரோடு ஏற்கெனவே எங்கோ போயிருந்தது. கையெழுத்து மட்டும் என் கணவருடையது. மொத்த வியாபாரி கோர்ட்டுக்குப் போனார். இவர் தன்னிடம் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நாகப்பட்டினத்தில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் எண்ணெய்க்கடைக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். அதுவரை அவர் வீட்டுப் பெண்கள் இல்லாமல் எங்கள் தெருவில் நலங்கு கிடையாது. மறுநாளிலிருந்து அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது எல்லோரும் நடையை எட்டிப் போட்டார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போன அன்று பட்டப்பகலில் வண்டியில் பாத்திரம் ஏற்றினார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கள் கதவும் திறக்கவில்லை. அது என்ன நோய் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எங்கள் கடை வாசலில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தபோது விளங்கியது.

வழக்கு முடிவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. விமானங்கள் வந்தன, வெள்ளைக்காரர்கள் போனார்கள், கோர்ட்டைப் பூட்டினார்கள். ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது இவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதியைப் பார்த்தேன். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எங்கள் கடை இருந்த வரிசை முழுவதையும் ஜப்பான் ராணுவம் சாமான் கிடங்குக்கு எடுத்துக்கொண்டது. கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொன்னார்கள்.

தமிழில் கணவரையும் வீட்டுக்காரர் என்கிறோம், வீட்டை வாடகைக்கு விடுகிறவரையும் வீட்டுக்காரர் என்கிறோம். என் வீட்டுக்காரர் வீட்டுக்காரர்களைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார். கமலத்துக்கு அப்போது நான்கு வயது.

3

முதலில் தெங்கேராவுக்குத்தான் போனோம். அங்கே நாகூர்க்காரர் ஒருவருக்கு மூன்று வீடுகள் இருந்தன. மளிகை வியாபாரி. எங்கள் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடந்தே போகிற தூரம்தான். அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பேன். பெருநாளுக்கு எங்களுக்குப் பலகாரம் அனுப்புகிறவர். அந்த உரிமையில் நானும் கூடவே போனேன்.

தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தார். கமலத்தின் கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தார். இவர் விஷயத்தைச் சொன்னதும் நானா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, ஒங்களைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. ஆனா நாளைக்கே கோர்ட்டு தொறந்தா அமீனா எங்க வருவான்? நீங்க இருக்கிற எடத்துக்குத்தானே வருவான்? என் வூட்டு வாசல்ல அவன் நிக்கக்கூடாது."

"கோர்ட்டுதான் பூட்டிக் கிடக்கே நானா?" என்றேன்.

"பூட்டினதைத் தொறப்பாங்க தங்கச்சி. ஜப்பான்காரனுக்கும் கோர்ட்டு வேணும்."

அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கருப்பட்டியைக் கமலத்தின் கையிலிருந்து வாங்கி அங்கேயே வைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது. குழந்தை அதற்குள் பாதியைத் தின்றிருந்தாள்.

அடுத்து ஒரு தமிழ்க் குமாஸ்தா. பின்கட்டு காலியாக இருக்கிறது, தருகிறேன், ஆனால் ஊரில் பெரிய மனிதர் யாராவது உங்களுக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றார். பொறுப்பு ஏற்க ஆள் இருந்தால் நாங்கள் ஏன் பின்கட்டுக்கு வருகிறோம்? ஒரு சீனர் ஆறு மாத வாடகையை முன்னதாகக் கேட்டார். அவரிடம் கோபமே வரவில்லை. அவருக்கு எங்களைத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்ன 'இல்லை'தான் உள்ளே போய்க் குத்தியது.

கோயில் நந்தவனத்தை ஒட்டிய ஒரு கொட்டகையில் தங்கினோம். மழை பெய்தால் ஒரு மூலையில் மட்டும் நனையாமல் உட்காரலாம். கமலத்துக்குக் காய்ச்சல் வந்தது. கோயிலுக்குப் பால் ஊற்றுகிறவர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்போங் செட்டியில ஒரு அம்மா இருக்காங்க. ஆம்பளை இல்லாத வூடு. கேட்டுப் பாருங்க. ஆனா தமிழ் பேசமாட்டாங்க" என்றார்.

4

காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டியைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். நானூறு, ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். நெற்றியில் விபூதி, வீட்டில் சாமி படம், பெயர்கள் நம் பெயர்கள். பேச்சு மட்டும் மலாய். உடுப்பு சாரோங்கும் கெபாயா சட்டையும்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் தேவானை. சாம்பிராணிக் கரண்டி கையில் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் நம்ம மனுஷி என்று தமிழில் கடகடவென்று எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள். "நீ சொன்னதில் 'சாமி' மட்டும்தான் புரிந்ததாம்" என்றார் இவர்.

இவருக்கு வியாபாரத்துக்கு வேண்டிய மலாய் தெரியும். தன் கடன் வழக்கை மறைக்காமல் சொன்னார். யாரும் வீடு தரவில்லை என்பதையும் சொன்னார். தேவானை கமலத்தின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை இவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

அவள் கணவர் யுத்தத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டில் அவளும், கல்யாண வயதில் லெட்சுமி என்ற மகளும்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடும்பத் தலைவரின் பெயரையும் உள்ளே எத்தனை பேர் என்பதையும் எழுதிப் பலகை தொங்கவிட வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு. பெண்ணின் பெயர் தொங்குகிற வீட்டுக்குள் சிப்பாய்கள் நுழைகிறார்கள் என்று தெருவில் பேச்சு. அவளுக்கு வாடகை வேண்டாம். பலகையில் எழுத ஓர் ஆண் பெயர் வேண்டும்.

"என் பெயர் இந்த ஊரில் கெட்டுப்போன பெயர் என்று சொன்னேனே" என்றார் இவர்.

தேவானை சிரித்தாள். "ஓராங் ஜப்பூன் தாக் தாவு" என்றாள். ஜப்பான்காரனுக்கு அது தெரியாது.

பக்கத்து அறையைத் திறந்துவிட்டாள். மறுநாள் இவர் தேவானைக்குத் தூரத்து உறவு என்று சொல்லிப் பதிந்துகொண்டு வந்தார்கள். பலகையில் வீட்டுத் தலைவர் ராமலிங்கம் என்று எழுதி ஆணியில் மாட்டினார்கள். இவர் தெருவில் இறங்கி நின்று அதைப் பார்த்தார். உள்ளே வந்தவர், "சாயம் கொஞ்சம் வழிஞ்சிருக்கு" என்றார்.

5

அந்த வீட்டில்தான் நான் மலாய் படித்தேன். அடுப்படியில் படித்த மலாய். மிளகாயை அரைத்துக்கொண்டே தேவானை ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்வாள். அவர்களைப் போலவே வார்த்தைகளின் தலையையும் வாலையும் விழுங்கிப் பேசப் பழகினேன். அவளை பீபிக் என்று அழைத்தேன், அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். அவள் என்னை 'செல்லா' என்பாள். செல்லம்மாள் என்ற பெயர் அவள் வாயில் அந்த அளவுக்குத்தான் நின்றது.

அரிசி குறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. கொல்லை முழுவதையும் இவர் கொத்திப் போட்டுக் கிழங்கு நட்டார். துணி விரித்த கைகளில் மண்வெட்டி ஆரம்பத்தில் சரியாக உட்காரவில்லை. பிறகு அதிலும் ஒரு கணக்கு வந்துவிட்டது. மாலையில் வரப்பில் நின்று லெட்சுமியையும் கமலத்தையும் கூப்பிட்டு, எது எப்போது தோண்டலாம் என்று காட்டுவார்.

சிப்பாய்கள் ஒருமுறை வந்தார்கள், இரண்டு பேர். லெட்சுமி மச்சில் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர்கள் பலகையைக் காட்டி அதட்டினார்கள். இவர் போய்க் குனிந்து வணங்கி, "நான்தான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கிழங்கு மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று தேவானை தன் கணவரின் படத்துக்கு முன்னால் வைத்திருந்த நல்ல பீங்கான் தட்டை எடுத்து இவருக்குச் சாப்பாடு போட்டாள்.

கமலம் அங்கே பேசப் பழகிய பேச்சு இன்றுவரை மாறவில்லை. ஒரு நாள் ஓடிவந்து, "அம்மா, எனக்கு தாக்கோட்டா இருக்கு" என்றாள். பயமாக இருக்கிறது என்று சொல்கிறாள். 'பயம்' என்று சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொன்னாள், மறுநாள் மறந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது யார் மடியில் கிடந்தாளோ அந்த மொழி அவளுக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறாளே என்று அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இன்று அவளிடம் அவள் அப்பாவைப் பற்றிப் பேசும்போது பாதி வார்த்தைகளுக்கு நானே மலாய்க்குத் தாவ வேண்டியிருக்கிறது. அவர் பேசிய மாதிரியே அவரைச் சொல்ல முடியவில்லை.

6

நாகூர்க்காரர் சொன்னபடி கோர்ட்டைத் திறந்தார்கள். பழைய வழக்குகளையும் தூசி தட்டி எடுத்தார்கள். ஆனாலும் எங்களை யாரும் தேடி வரவில்லை. மொத்த வியாபாரியின் கணக்கப்பிள்ளை ஒரு நாள் காஜா பேராங் வழியாகப் போனவர், எங்கள் வாசலில் நின்றுவிட்டார். பலகையைப் படித்திருக்கிறார்.

"என்ன ராமலிங்கம், கையில ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டு இங்க மாளிகையில இருக்கீங்க போல?"

"உள்ள வாங்க. பேசுவோம்."

"பேசுறதுக்கு என்ன இருக்கு? வாசல்லயே பேரு தொங்குதே."

அந்த வியாபாரியும் மோசமான மனிதர் இல்லை. ஜப்பான்காரன் அவரிடமும் வசூல் கேட்டுக்கொண்டிருந்தான். வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்ததால் எல்லோரும் பொருளாகத்தான் கேட்டார்கள். கோர்ட் ஆட்கள் வந்தார்கள். வீட்டுத் தலைவருடைய பொருள்கள் என்று சொல்லி, கூடத்தில் இருந்ததை எல்லாம் எழுதினார்கள். தையல் மெஷின், பித்தளை விளக்குகள், அலமாரி, செதுக்கு வேலை செய்த பெரிய கட்டில். அந்தக் கட்டில் லெட்சுமியின் கல்யாணத்துக்கு என்று தேவானையின் கணவர் உயிரோடு இருந்தபோதே செய்துவைத்தது. அதன் காலில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார்கள். விசாரணை முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் என்னுடையது என்று தேவானை போய்ச் சொல்லலாம். சொன்னால், பிறகு ஏன் இந்த ஆளை வீட்டுத் தலைவர் என்று பொய்யாகப் பதிந்தாய் என்று கேட்பார்கள். பதிவில் பொய் சொன்னவர்களை ராணுவப் போலீஸ் என்ன செய்தது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தேவானை கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குறியை விரலால் தொட்டாள்.

"தாக் அப்பா, செல்லா" என்றாள். பரவாயில்லை. "கட்டில் போனால் லெட்சுமி பாயில் படுப்பாள். மனுஷங்க இருந்தால் போதும்."

இவர் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் அவள் சொன்னதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கட்டில் என் கடனுக்குப் போகணுமா?" என்றார். "நான் போய்ச் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்வீங்க?"

"பொய்தான். ஆனா என் மேலயே போட்டுக்கற பொய்."

"அந்தம்மாவே வேணாம்னு சொல்றாங்களே."

"அவங்க சொல்லுவாங்க செல்லம். நாம கேட்டுக்கலாமா?"

கேட்டுக்கொள்ளக் கூடாது என்றுதான் எனக்கும் பட்டது. தலையை ஆட்டினேன்.

விசாரணையன்று நானும் தேவானையும் கோர்ட் தாழ்வாரத்தில் ஜன்னலை ஒட்டி நின்றோம். யுத்தத்துக்கு முன்னால் இருந்த உள்ளூர் மாஜிஸ்டிரேட்டே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரி. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலரும், எங்களுக்கு வீடு இல்லை என்று சொன்ன குமாஸ்தாவும் உள்ளே இருந்தார்கள்.

"காஜா பேராங் வீடு உன்னுடையதா?"

"இல்லைங்க."

"உள்ளே இருக்கிற பொருள்கள்?"

"ஒண்ணும் என்னுடையது இல்லைங்க. ரெண்டு பாய், ஒரு பெட்டி, சமையல் பாத்திரம். அவ்வளவுதான் என்னுது."

"பிறகு பலகையில் உன் பெயர் எப்படி வந்தது?"

இவர் நிமிர்ந்து நின்றார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான்தான் எழுதிக்கிட்டேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உறவுக்காரன்னு பதிவு ஆபீசுலயும் நான்தான் சொன்னேன். கடை போச்சு, ஊர்ல மரியாதை போச்சு. ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்து பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சு."

உள்ளே சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை குனிந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல ஜப்பானிய அதிகாரி மட்டும் சிரிக்காமல் கேட்டார். பொருள்களை விடுவிக்கச் சொல்லித் தீர்ப்பானது. வெளியே வந்ததும் அந்த அதிகாரி இவரைக் கன்னத்தில் அறைந்து, வெயிலில் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கவைத்தார். பொய்ப் பதிவுக்கு அது சின்னத் தண்டனை என்று எல்லோரும் சொன்னார்கள். தேவானைக்குத் தமிழ் புரியாது, உள்ளே சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்பா தியா சாக்காப்?" அவர் என்ன சொன்னார் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தேவானை நன்றாகப் படிப்பாள். கணவரின் பழைய செய்தித்தாள்களை எல்லாம் வைத்துப் படிக்கிறவள்.

7

பதிவைத் திருத்தினார்கள். பலகையில் தேவானையின் பெயர் ஏறியது. எங்களைக் கீழே தனியாக எழுதினார்கள். இவர் பெயருக்கு நேரே, ஒண்டுக்குடி, தொழில் இல்லை என்று போட்டார்கள். கடன் வழக்கில் இருப்பவர் பெயரில் வியாபார லைசென்ஸ் தரமாட்டார்கள் என்பதால் அதை மாற்றவும் வழியில்லை.

கொஞ்ச நாளில், சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. வேறு ஆண் இல்லாத வீட்டின் தலைவரை விட்டுவிடலாம், தொழில் இல்லாத ஒண்டுக்குடி ஆண்களை முதலில் அனுப்ப வேண்டும். தெருத் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்று தேவானையிடம்தான் பேசினார். இவரைப் பார்க்க அவரால் முடியவில்லை. தேவானை அவரை அடிக்காத குறையாகச் சண்டை போட்டாள். பலகையை மறுபடியும் மாற்றி எழுது, போலீஸ் வந்தால் வரட்டும் என்றாள். எழுதியது எழுதியதுதான் என்றார் அவர்.

மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். இவர் கமலத்திடம், கொல்லையில் கிழக்கு ஓரத்துக் கிழங்கை இன்னும் தோண்டாதே, முற்றவில்லை என்று சொன்னார். அதை மலாயில் சொன்னார், அவளுக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்று.

அந்தக் கட்டில் போயிருந்தால் அவர் இருந்திருப்பார். இதை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். கட்டிலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர் அவராக இருந்திருப்பாரா என்றும் நினைக்கிறேன். இரண்டையும் நினைத்து முடிப்பதற்குள் வேறு வேலை வந்துவிடுகிறது.

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம், தேவானை கூடத்தில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லையில் இருந்தேன். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இது ராமலிங்கம் அண்ணன் வூடுங்களா?"

ஓடிவந்தேன். எலும்பும் தோலுமாக ஒருவர் நின்றிருந்தார். முனியன் என்று பெயர் சொன்னார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்து ஆள். சயாமில் இவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். மேற்கொண்டு கேட்க வேண்டியதே இல்லை, அவர் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் சொன்னார். வாந்திபேதி. ஆற்றங்கரையில் புதைத்தார்கள். தானும் ஒரு கைப்பிடி மண் போட்டதாகச் சொன்னார்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணன் சொன்ன மாதிரியே இருக்குங்க. கூடம், அந்தப் பெரிய கட்டிலு, பின்னால கெழங்குக் கொல்லை. மழை பேஞ்சு யாரும் தூங்க முடியாதப்ப இதைத்தான் சொல்லிக்கிட்டு இருப்பாரு. காஜா பேராங்குல நமக்குச் சொந்த வூடு இருக்குடா முனியா, எல்லாரும் உசுரோட திரும்பினா ஒரு நாளு வந்து சாப்புட்டுட்டுப் போங்கன்னு சொல்லுவாரு."

பிறகு தேவானையைப் பார்த்தார். சாரோங் கட்டிய பெண் இங்கே என்ன செய்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. மரியாதையாகவே மலாயில் கேட்டார், நீங்கள் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்களா என்று.

தேவானை என்னைப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"யா" என்றாள். "சேவா."

ஆமாம், வாடகைக்குத்தான். பிறகு எழுந்துபோய் அவருக்குச் சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தாள்.